ஐயா சொல்லட்டும்

என் கிளினிக்கில் பதினெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பதினெட்டு வருடமும் அவரை "யோவ்" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது என்னுடைய எழுபத்தெட்டு வயதில் திடீரென்று பெயர் சொல்லி எழுதினால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே நினைத்துக்கொள்வார்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய வீதியில் என் கிளினிக் இருந்தது. வாசல் பலகையில் என் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். மொத்தம் மூன்று. மூன்றாவது பட்டம் பாரிசில் ஆறு வாரம் தங்கி வாங்கியது. அதில் ஐந்து வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். ஆனாலும் அதைப் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி மாட்டியிருந்தேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்கள், அந்த நாட்டுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மூர்க்காரர்கள், அதை உரக்கப் படித்துவிட்டு, "போன்ழூர் தொக்தேர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னபடி உள்ளே வருவார்கள். எனக்கு அன்றைய நாள் நல்லபடியாகத் தொடங்கிவிடும்.

முன்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு மேசை. அந்த மேசைதான் அவருடையது. உள்ளறை என்னுடையது. நடுவில் ஒரு பச்சைத் திரை. அவர் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் ஆறடி இருக்கும்.

ஒல்லியான மனிதர். கழுத்துப் பித்தான்வரை போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை. தலையில் வாருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் சட்டைப் பையில் ஒரு சீப்பு இருக்கும். உழவர்கரையில் வாடகை வீட்டிலிருந்து காலையில் சைக்கிளில் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயிலில் பூசை முடிந்து, அதே சட்டையில், கொஞ்சம் தாமதமாக வருவார். மற்றபடி லீவு என்று கேட்டதில்லை. நானும் கொடுத்ததில்லை. அந்த அளவில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

அவரிடம் ஒரு திறமை இருந்தது. இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்றும்போது தொடங்கி டோக்கன் வாங்கியதும் நின்றுபோனால் அது அவசர டோக்கனுக்கான இருமல். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வருவது ஒரு வகை. பீடி இருமலுக்கு முன்னால் ஒரு கனைப்பு உண்டு. ஆஸ்துமாக்காரர் இருமி முடித்ததும் ஒரு விசில். பிறகு இன்னொன்று இருந்தது. சத்தம் பெரிதாக இருக்காது. இருமுகிறவர் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் மாட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்பதுபோல் இருமுவார். அதைக் கேட்டால் கம்பவுண்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த முகத்தை ஒரு தரம் பார்ப்பார்.

ஆனால் அது என்ன இருமல் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். நோயின் பெயரை டாக்டருக்கு முன்னால் கம்பவுண்டர் சொல்லக்கூடாது என்பது அவருடைய ஒழுக்கம். எந்தச் சபையில் அதைக் கற்றாரோ தெரியாது. யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஐயா சொல்லட்டும்."

கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு நாள் அந்த அம்மாள் முன்னறையில் அவரை மடக்கியது உள்ளே எனக்குக் கேட்டது.

"ஏங்க கம்பவுண்டரே, எத்தினி வருசமா ஊசி போட்டுக்கினு இருக்கீங்க. இவருக்கு என்னான்னு நீங்களே சொல்லுங்களேன்."

"ஐயா சொல்லட்டும்மா."

"ஐயா நாலு வாட்டி சொல்லிட்டாரு. நாலு வாட்டியும் வேற வேற சொன்னாரு."

"அஞ்சாவது வாட்டியும் அவரே சொல்லட்டும்மா."

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் உள்ளே சிரித்துக்கொண்டேன். எவ்வளவு விசுவாசமான ஆள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்த அம்மாள் சொன்னது பொய்யில்லை. இருமலுக்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. முதல் தடவை வந்தால் சிரப்பும் சாதாரண மாத்திரையும். இரண்டாம் தடவை சிரப்பின் நிறத்தை மாற்றுவேன். மூன்றாம் தடவை பெரிய ஆன்டிபயாடிக், பத்து நாளுக்கு. மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவந்து கொடுத்ததில் மேசை டிராயர் நிறைந்திருக்கும். அந்த மாத்திரை காசநோய்க் கிருமியைக் கொல்லாது; தலையில் தட்டிக் கொஞ்ச நாள் தூங்க வைக்கும். இருமல் பாதியாகும், காய்ச்சல் நிற்கும். நோயாளி வீதி முழுக்கப் போய் என்னைக் கைராசி டாக்டர் என்பார். மூன்று வாரம் கழித்துக் கிருமி எழுந்துகொள்ளும், அவரும் திரும்பி வருவார். கைராசி உள்ளவரைத் தேடித்தானே வருவார்கள்.

இதெல்லாம் படிக்காதவன் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை தர வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூட்டம் போட்டு, பிரியாணி கொடுத்து, மறுபடியும் சொல்லிக்கொடுத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. சளிப் பரிசோதனையில் ஒரே ஒரு குறை: அரசு ஆஸ்பத்திரியில் அதை இலவசமாகச் செய்தார்கள். இலவசமாகக் கிடைப்பதை எழுதிக் கொடுத்தால் மூன்று பட்டத்துக்கு என்ன மதிப்பு? அங்கே போன நோயாளி திரும்பி வருவதும் இல்லை. மருந்தையும் அவர்களே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. தொழிலைத் தொடங்கிய புதிதில், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு அந்த நோய் இருப்பதைச் சரியாகவே கண்டுபிடித்து, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். கல்யாணம் நின்றது. அவளுடைய சித்தப்பா நான்கு பேரோடு வந்து வாசலில் நின்று என் மூன்று பட்டங்களையும் கெட்ட வார்த்தையில் விளக்கினார். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது மெதுவாகப் பேசுவது. நான் கற்றுக்கொண்டது அந்த நோயைக் கண்டுபிடிக்காமல் இருப்பது.

கம்பவுண்டருக்கு இதெல்லாம் தெரியும். வாய் திறக்கக்கூடாது, சும்மாவும் இருக்க முடியவில்லை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளியின் பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு எல்லாம் ஒரு சிறு சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பார். சில சீட்டுகளின் வலது மேல் மூலை மடிந்திருக்கும். நகத்தால் அழுத்தி, இஸ்திரி போட்டதுபோல.

"யோவ், எதுக்குய்யா மூலைய மடிக்கிறே?"

"காத்துல பறக்குதுங்க ஐயா."

"எல்லாச் சீட்டையும் மடிக்க வேண்டியதுதானே?"

"எல்லாம் பறக்கலீங்க ஐயா."

ஒரு மாதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூலை மடித்த சீட்டெல்லாம் அந்த இருமல்காரர்களுடையது. அது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் மூலையை நிமிர்த்திவிட்டு சிரப் எழுதினேன். "நிமிர்த்தி" என்று சும்மா எழுதவில்லை. கட்டைவிரலால் நீவி நிமிர்த்துவேன். பதினெட்டு வருடத்தில் அவரும் நானும் இந்த விஷயமாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்: அவர் மடிப்பார், நான் நிமிர்த்துவேன்.

மீன்கார அம்மாளின் புருஷன் வந்த அந்த ஐந்தாவது தடவை சீட்டின் இரண்டு மூலையும் மடிந்திருந்தன. கம்பவுண்டரைப் பொறுத்தவரை அது கத்துவதற்குச் சமம். நான் சிரப்பை மாற்றினேன். பிறகு அவர்கள் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மட்டும் முழங்கால் வலி என்று வந்தார்.

"அவரு போயிட்டாருங்க. பெரியாஸ்பத்திரில டி.பி.ன்னாங்க. லேட்டுன்னுட்டாங்க." என் முகம் எப்படி இருந்ததோ, அந்த அம்மாளே சமாதானம் சொன்னார்: "நீங்களும் எவ்ளோ மருந்து குடுத்துப் பாத்தீங்க. எங்க தலையெழுத்து."

அன்று மதியம் கம்பவுண்டர் ஊசித் தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. மூன்று பட்டங்களும் சேர்ந்து யோசித்து அவருக்கு ஒரு விளக்கம் சொன்னேன்: "குடிச்சிருப்பான்யா. குடிச்சா எந்த மருந்துய்யா கேக்கும்?"

"இருக்குமுங்க ஐயா" என்றார்.

அந்த மனிதர் குடிக்காதவர் என்று ஐந்து சீட்டிலும் அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய கையெழுத்து மிகவும் தெளிவாக இருக்கும்.

சுனாமி வந்துபோன மறு வருட மழைக்காலத்தில் முன்னறையில் ஓர் இருமல் சேர்ந்துகொண்டது. அது பெஞ்சிலிருந்து வரவில்லை, மேசையிலிருந்து வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்பதுபோல.

நான் வைத்தியம் செய்யாமல் இல்லை. நாற்காலியை விட்டு எழாமல் ஆறடி தூரத்திலிருந்தே மூன்று முறை நோயைக் கண்டுபிடித்தேன். முதலில் மழைச் சளி என்றேன். மழை நின்ற பிறகு, வீதியைத் தோண்டிப் போட்டிருந்ததால் தூசு என்றேன். குழியை மூடிய பிறகு, தரை துடைக்கும் பினாயிலின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி பினாயிலை மாற்றினேன். அதற்குமேல் ஒரு டாக்டர் என்ன செய்ய முடியும்?

"யோவ், பேஷண்ட்டுங்க பயந்துக்கப் போறாங்க. வெளில போய் இருமிட்டு வாய்யா."

அதிலிருந்து இருமல் வரும்போது வாசலுக்குப் போய், வீதியைப் பார்த்து நின்று இருமிவிட்டு வருவார். டோக்கன் கூப்பிடத் தாமதமாகும். தாமதம் எனக்குப் பிடிக்காது. அவர் எதிரே பெஞ்சில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இப்போது நினைக்கிறேன். அவர்கள் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தார்கள்; வேறு என்னென்ன வாங்கிப் போனார்களோ.

அவருடைய சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கத் தொடங்கியது. பித்தான் போட்டிருந்தும் இரண்டு விரல் உள்ளே போகும்போல் இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்து, நகைச்சுவை செய்தேன்.

"என்னய்யா, வீட்டுல சோறு போடறதில்லையா?"

"போடறாங்க ஐயா. எறங்க மாட்டேங்குது."

பாடப் புத்தகத்தில் மூன்றாவது வரியாக இருக்கும் அறிகுறி இது. நான் சிரித்தேன், நான் சிரித்ததால் அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வாசலுக்குப் போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்களில் ஒரு காலை. கூட்டம் அதிகம். இருபத்து மூன்றாவது சீட்டை எடுத்தேன். வலது மூலை மடிந்திருந்தது. வழக்கம்போல் கட்டைவிரலால் நிமிர்த்திக்கொண்டே படித்தேன். பெயர் அவருடையது. வயது நாற்பத்தொன்பது. ஊர் உழவர்கரை. அதன் கீழே: "இருமல் மூன்று மாதமாக. சாயங்காலக் காய்ச்சல். இரவில் வியர்வை. பசியில்லை. எடை ஏழு கிலோ குறைவு."

நிமிர்ந்து பார்த்தேன். திரைக்கு இந்தப் பக்கம், நோயாளிகள் உட்காரும் முக்காலியில், கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா இது கூத்து? டோக்கன் போட்டுக்கினு வந்து குந்தியிருக்கே? சும்மா உள்ள வந்து கேட்டா சொல்ல மாட்டேனா?"

"பேஷண்ட்டா வந்தா ஸ்டெத் வெச்சுப் பாப்பீங்கன்னுதாங்க ஐயா."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. நடைமுறையைச் சொன்னார்.

சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். மேலிருந்து ஒன்று, இரண்டு. "வேணாம்யா, இருக்கிற கூட்டத்துல" என்று சொல்லி ஸ்டெத்தைச் சட்டைமேலேயே வைத்தேன். அவர் மூச்சை நன்றாக இழுத்து விட்டார். நோயாளிகளுக்குப் பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, ஒழுங்காகச் செய்தார். எனக்குச் சட்டைத் துணி உரசும் சத்தம் நன்றாகக் கேட்டது.

டிராயரைத் திறந்து அந்தப் பெரிய ஆன்டிபயாடிக்கைப் பத்து நாளுக்கு எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் சுற்றுக்கு நேராக ஏற்றிவிட்டேன். சொந்த ஆள் என்பதால் செய்த சலுகை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"ஐயா, சளி..."

"சளிக்கும் சேர்த்துத்தான்யா குடுத்திருக்கேன்."

இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். என் வாயையே பார்த்தார். அந்த வார்த்தையை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். என்ன நோய் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் அந்த நிமிடம் தெரியும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நோய் தெரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னால் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் மேசையில் யார் உட்காருவது? என் கிளினிக்கிலேயே டி.பி. என்று வீதி பேசினால் பெஞ்சில் யார் உட்காருவது? கழுத்தில் ஸ்டெத்தோடு இதையெல்லாம் யோசித்தேன்.

"சரிங்க ஐயா" என்று எழுந்தார். பித்தான் போட்டுக்கொண்டே திரையை விலக்கி அந்தப் பக்கம் போய், மேசையில் உட்கார்ந்து கூப்பிட்டார்: "இருபத்து நாலு."

இருமல் பாதியாகக் குறைந்தது. "பாத்தியாய்யா?" என்று நானே அவரிடம் கேட்டேன். "பரவால்லீங்க ஐயா" என்றார். மாசி மாதத்தில் கிருமி எழுந்துகொண்டது. இந்தத் தடவை கைக்குட்டையை மடித்துப் பையில் வைப்பதற்குமுன் அதை ஒரு தரம் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். எதைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு முதன்முதலாக லீவு கேட்டார். அடுத்தடுத்து இரண்டு நாள் காலை மட்டும்.

"எதுக்குய்யா?"

"மச்சினன் வீட்டுல ஒரு விசேசங்க ஐயா."

"ஒம் பொண்டாட்டிதான் ஒத்தப் பொண்ணாச்சே. ஏதுய்யா மச்சினன்?"

"தூரத்து மச்சினனுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது சிவந்துவிட்டது. குடும்பத்தில் ஏதோ வம்பு என்று நினைத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணி லீவு கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பார்வையாளர். நேராக உள்ளே வந்து ஓர் அட்டையை மேசையில் வைத்தாள்.

"சார், இவர் உங்க கம்பவுண்டர்தானே? சளியில மூணு பிளஸ் சார். மூணு சாம்பிளும் அப்படித்தான்."

மூன்று பிளஸ் என்றால் கண்ணாடி முழுக்கக் கிருமி. அதற்குமேல் எண்ணுவதற்கு அவர்களிடம் பிளஸ் இல்லை.

"முழுச் சிகிச்சைக்கும் பேர் எழுதி ஒரு பாக்ஸ் குடுத்துடுவோம் சார். வாரத்துல மூணு நாள் யாராவது கண்ணு முன்னால முழுங்க வைக்கணும். எங்க வசதின்னு கேட்டேன். இங்கதான் காலைல மொத ஆளா வர்றாராமே. நீங்களே குடுத்துட்டா நல்லாருக்கும் சார். டாக்டர் வேற."

டாக்டர் வேற. அவள் உண்மையிலேயே பாராட்டாகத்தான் சொன்னாள்.

"இங்க வேணாம்மா. நாலு பேர் வந்து போற எடம். பாக்ஸைப் பாத்தா பேஷண்ட்டுங்க என்ன நினைப்பாங்க? வீட்டுப் பக்கமே எங்கயாவது ஏற்பாடு பண்ணிடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு மாசம் அவரு வீட்லயே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்பதற்குக் கருணையாக இருந்தது.

பச்சைத் திரை சத்தத்தை மறைக்காது. அந்தப் பெண் போனதும் அவர் உள்ளே வந்தார். முக்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் தள்ளி நின்று, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசினார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. ஒங்ககிட்ட சொல்லாம போய்ட்டேன். ரத்தம் வந்துச்சுங்க. அதான் பயந்துட்டேன்."

நோயைக் கண்டுபிடித்துக்கொண்டதற்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா" என்றேன்.

"ஆமாங்க ஐயா. தப்புதாங்க" என்றார்.

மேசைச் சாவியை வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் பக்கத்து அங்கன்வாடியில், குழந்தைகள் வருவதற்குமுன், ஆசிரியை கண்ணெதிரே மாத்திரை விழுங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஐந்தாறு மாதம் முன்னால் அந்த ஒழுங்கோடு தொடங்கியிருந்தால் அவர் இன்று என்னைப்போல் கிழவராகி யாரையாவது தொந்தரவு பண்ணிக்கொண்டிருப்பார். ஏழாவது வாரம் ஒரு காலையில், முகம் கழுவும்போது, குடம் கவிழ்ந்ததுபோல் ரத்தம் வந்திருக்கிறது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குப் போன் வந்தபோது ஒன்பதாவது டோக்கன். அன்று முப்பத்தொரு டோக்கன். முடித்துவிட்டுத்தான் போனேன். மாலை வாங்கியிருந்தேன், பெரிய மாலை.

முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்குப் போனேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சத்தம் பெரிதாக இல்லை. மூன்று பட்டம் வாங்கி, முப்பது வருடம் தொழில் பார்த்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஓர் இருமலைக் காதால் கேட்டேன். பிரசங்கத்தில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை. இந்த ஒரு ஆளையாவது விட்டுவிடக்கூடாது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு உழவர்கரைக்குப் போனேன். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது அது இரண்டாவது தடவை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். என் குரல் எனக்கே உருக்கமாக இருந்தது.

மாதா படத்துக்குக் கீழே அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். கழுத்துப் பித்தான்வரை போட்ட சட்டை. அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எவ்வளவு நாளாம்மா இந்த இருமல்?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுங்க ஐயா. இப்ப எவ்ளவோ தேவல."

"தேவலன்னு விடக்கூடாதும்மா. நாளைக்குக் காலைல ரெடியா இருங்க. நானே கார்ல வந்து கூட்டிக்கினு போறேன். சளி டெஸ்ட் பண்ணிடலாம். நானே கூட இருக்கேன். பயப்படாதீங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"பண்ணிட்டாங்க ஐயா. அதுதான்னு சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்புடறேன். இது மூணாவது வாரம். அவரு சாப்ட்ட அதே அங்கன்வாடிலதான்."

சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் கார் ஓட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

"நல்லது பண்ணீங்க. யாரு சொன்னது, அந்த ஸ்கூட்டர்ல வர்ற அம்மாவா?"

"அவங்க இல்லீங்க. இவருதான்." படத்தைப் பார்த்தார். "போறதுக்கு ஒரு வாரம் முன்ன."

"என்ன சொன்னாரு?"

"விடுங்க ஐயா."

"சொல்லும்மா. பரவால்ல."

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "'ஒனக்கு இருமல் வந்துச்சுன்னா வச்சிக்கினு இருக்காத, ரெண்டு வாரம் பாரு, நிக்கலன்னா நேரா சளி டெஸ்ட்டுக்குப் போயிடு'ன்னாரு." நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "'ஐயாகிட்ட மட்டும் காட்டாத'ன்னாருங்க."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள்.

"இத ஐயா காதுக்குப் போவாம பாத்துக்கோ, மனசு கஷ்டப்படுவாருன்னும் சொன்னாரு. நான்தான் வாய் தவறிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. டீ போடட்டுங்களா ஐயா?"

"போடுங்கம்மா" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்றுகூட அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

அந்த அம்மாள் முழுச் சிகிச்சையும் முடித்தார். இப்போதும் நன்றாக இருக்கிறார். நான் கிளினிக்கை மூடும்வரை, ஒரு தலைவலிக்குக்கூட என்னிடம் வரவில்லை.